முகம் ஒருத்தருக்கு, மிஷின் இன்னொருத்தருக்கு: ஈட்டாவின் கதை

கடிகாரக் கிறுக்கு பற்றிப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. இந்த முறை கொஞ்சம் நீளம்தான். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சிட்டு வந்து படிக்கலாம். இருநூறு வருஷத்துக்கு மேலே ஓடிக்கிட்டிருக்கிற கதை, ஒரு நாளில் ஓடிப்போயிடாது.

வாட்சோட முகத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாம காசு கொடுக்கிறோம். ஆனா உள்ளே ஓடுற மிஷின் அந்தப் பெயர்க்காரர் செஞ்சதாத்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. (இங்கிலீஷில் மூவ்மென்ட் என்பதை நம்ம ஊர் வாட்ச் ரிப்பேர் கடையில் 'மிஷின்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லப் போறேன்.) போன நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச் ஏதாவது ஒன்றின் முதுகைத் திறந்து பார்த்தால், முகத்தில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே ஒரே கம்பெனியின் மிஷின் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் கம்பெனிதான் ஈ.டி.ஏ. பலரும் சேர்த்து 'ஈட்டா' என்பார்கள். இந்தப் பதிவு அவங்களைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன பாடம். சாவி கொடுத்தால் மெயின் ஸ்பிரிங் இறுகும். விட்டால் அது ஒரே மூச்சில் அவிழப் பார்க்கும். அப்படி அவிழவிடாமல், அளந்து அளந்து துளித்துளியாக விடுவதற்குத்தான் மிச்ச எல்லாப் பாகமும். பல்சக்கரங்கள் விசையைக் கடத்தும். கடைசியில் பாலன்ஸ் சக்கரமும் தலைமுடி மாதிரி மெல்லிசான ஹேர் ஸ்பிரிங்கும் சேர்ந்து இப்படியும் அப்படியும் ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல்லை மட்டும் விடும். அதுதான் டிக் டிக்.

இதில் அடித்தட்டு, அதன்மேல் வரும் பாலங்கள், பல்சக்கரங்கள் இதையெல்லாம் மட்டும் சேர்த்து, ஸ்பிரிங், பாலன்ஸ் எதுவும் போடாமல் விற்கும் அரைகுறை மிஷினுக்குப் பிரெஞ்சில் 'எபோஷ்' என்று பெயர். கட்டடம் எழுப்பியாச்சு, பூச்சு வேலையும் கரன்ட் வேலையும் பாக்கி என்கிற மாதிரி வச்சுக்கலாம். இந்த வார்த்தையை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி பெரிய சண்டையே இதை வச்சுத்தான்.

பண்ணை வீட்டிலிருந்து ஃபாக்டரிக்கு

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் குளிர்காலம் நீளம். பனி மூடிவிட்டால் விவசாயிக்கு வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வாட்ச் பாகம் செய்வார்கள். ஒரு வீட்டில் சக்கரம், இன்னொரு வீட்டில் திருகாணி, மூன்றாவது வீட்டில் முள். நடுவில் ஒரு வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து முழு வாட்சாக்கித் தன் பெயரைப் போட்டு விற்பார். லா ஷோ-த-ஃபோன் என்ற ஊர் இப்படி மொத்தமாகவே ஒரு வாட்ச் ஃபாக்டரியாக இருந்ததைப் பற்றி கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலேயே எழுதியிருக்கிறார். அதாவது, மிஷின் ஒருத்தர், பெயர் ஒருத்தர் என்பது நேத்து வந்த ஏமாத்து வேலை இல்லை. சுவிஸ் வாட்ச் தொழில் பிறந்ததே அப்படித்தான்.

எபோஷ்களை இயந்திரத்தில் அடிக்க ஆரம்பித்தவர் பிரான்ஸ் எல்லைக்குள் இருந்த பூக்கோர் ஊர்க்காரர் ஃபிரெடெரிக் ஜாப்பி. 1770களில் பட்டறை போட்டார். சுவிஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1793இல் ஃபோன்டென்மெலோன் என்ற ஊரில் ஒரு எபோஷ் ஃபாக்டரி வந்தது. நான் மேலே சொன்ன 'இருநூறு வருஷத்துக்கு மேலே' கணக்கு இங்கிருந்துதான். இந்த ஃபாக்டரியும் பிற்காலத்தில் ஈட்டாவுக்குள் கரைந்துபோனது. அதனால்தான் ஈட்டாக்காரர்கள் தங்கள் வேரை 1793 வரைக்கும் இழுக்கிறார்கள்.

நேர்வழி முன்னோர் வேறு. 1856இல் கிரென்ஷென் என்ற ஊரில் யோசெஃப் ஜிரார்ட் என்ற டாக்டரும் ஊர்ஸ் ஷில்ட் என்ற பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்து ஒரு எபோஷ் ஃபாக்டரி தொடங்கினார்கள். டாக்டரும் வாத்தியாரும் ஏன் வாட்ச் மிஷின் செய்யணும்? ஜூரா மலையடிவாரத்தில் இருந்த ஏழை விவசாய ஊர் அது. பிழைப்புக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. ஃபாக்டரி வளர்ந்து பிறகு முழு வாட்சும் செய்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடர்னா என்ற பெயரை வைத்துக்கொண்டது. ஊர்ஸின் தம்பி அடால்ஃப் ஷில்ட் தனியாகப் போய் 1896இல் அதே ஊரில் இன்னொரு எபோஷ் ஃபாக்டரி போட்டார். ஏ.எஸ். என்ற முத்திரை போட்ட பழைய வாட்ச் மிஷின்கள் அவருடையவை. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில் இரண்டு பெரிய மிஷின் கம்பெனி!

தொழில் வந்ததும் ஊர் மாறியது. எல்லாமே நல்லபடியாக மாறியது என்று சொல்ல முடியாது. 1918 நவம்பரில் சுவிஸ் நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, இதே கிரென்ஷெனில் ராணுவம் சுட்டு மூன்று தொழிலாளிகள் செத்தார்கள். மூணு பேருமே இளவயசு வாட்ச் தொழிலாளிகள். 'சுவிஸ் துல்லியம்' என்று பளபளக்கும் விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூணு பேர் ஞாபகம் வரும். அந்தத் துல்லியத்தைக் கையால் செஞ்சவங்க கேட்டது எட்டு மணி நேரத்துக்கு நெருக்கமான ஒரு வேலை நாளும், முதுமைக்குக் காப்பீடும்தான்.

வேலி போட்ட கதை

முதல் உலகப்போர் முடிந்த பிறகு ஒரு புதுத் தலைவலி. முழு வாட்சுக்கு வெளிநாடுகள் சுங்க வரியைத் தீட்டிவிட்டன. பாகங்களுக்கு வரி கம்மி. உடனே சுவிஸ் வியாபாரிகள் வாட்சைப் பிரித்து, பாகங்களாகவே ஏற்றுமதி செய்தார்கள். அங்கே போய்ப் பூட்டிக்கொள்ளலாம். இதற்கு 'ஷப்லோனாஜ்' என்று பெயர். வியாபாரிக்கு லாபம், ஊருக்கு நஷ்டம். ஏனென்றால் பூட்டும் வேலை வெளிநாட்டுக்குப் போகிறது, கூடவே தொழில் ரகசியமும் போகிறது. இன்றைக்கு வாங்குகிறவன் நாளைக்குப் போட்டிக்கு நிற்பான்.

இதை நிறுத்த 1926இல் மூன்று பெரிய எபோஷ் கம்பெனிகள், அதாவது அடால்ஃப் ஷில்டின் ஏ.எஸ்., ஃபோன்டென்மெலோன், அடால்ஃப் மிஷெல் ஆகியவை சேர்ந்து 'எபோஷ் எஸ்.ஏ.' என்ற கூட்டணி போட்டன. பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்து தொழில் படுத்துக்கிட்டபோது, 1931இல் அதற்கும் மேலே 'அசுவாக்' என்ற பெரிய குடை வந்தது. இதில் சுவிஸ் அரசாங்கமே பங்கு போட்டது. சந்தைப் பொருளாதாரத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்துதான், தப்பாகப் படிக்கவில்லை நீங்கள். 1934இல் சட்டமும் வந்தது: அரசு அனுமதி இல்லாமல் புதிய வாட்ச் ஃபாக்டரி திறக்கக்கூடாது, இருப்பதைப் பெருக்கக்கூடாது, எபோஷை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. நம்ம ஊர் லைசென்ஸ் ராஜ் பற்றிப் புலம்புகிறவர்கள் கவனிக்கவும் :-)

எடர்னாவும் இந்தக் குடைக்குள் வரவேண்டியிருந்தது. 1932இல் கம்பெனியை இரண்டாக வெட்டினார்கள். முழு வாட்ச் செய்யும் பாதி எடர்னாவாகவே இருந்தது. மிஷின் செய்யும் பாதிக்கு ஈட்டா என்று பெயர் வைத்து எபோஷ் எஸ்.ஏ.வில் சேர்த்தார்கள். வால்ஜூ மாதிரியான மற்ற மிஷின் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே குடைக்குள் வந்தன.

வெட்டினாலும் ரத்த உறவு போகவில்லை. ஒரு உதாரணம்: 1948இல் எடர்னா கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் வாட்ச். கை அசைய அசைய உள்ளே ஒரு அரைவட்ட எடை சுத்தி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை அது. அந்த எடை உட்கார்ந்து சுத்த, தம்மாத்தூண்டு பால் பேரிங் வைத்தார்கள். ஐந்தே குண்டுகள். உராய்வும் தேய்மானமும் குறைந்தன. எடர்னாவின் சின்னத்தில் ஐந்து புள்ளிகள் இருப்பது இதனால்தான். பால் பேரிங் வைத்த அந்த ஆட்டோமேட்டிக் வடிவமைப்பின் வாரிசுகள்தான் ஈட்டாவின் பிற்கால ஆட்டோமேட்டிக் மிஷின்கள்.

வேலிக்குள் வளர்ந்த செடி

வேலி போட்டால் ஆடு மேயாது, சரி. ஆனால் உள்ளே இருக்கும் செடி வெளிக்காற்றையும் மறந்துவிடும். முப்பது வருஷம் போட்டி இல்லாமல் வளர்ந்ததில், சுவிஸ் தொழில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கம்பெனிகளாகவே இருந்தது. 1960களில்தான் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சரியாக அந்த நேரத்தில் இரண்டு இடி.

முதல் இடி எல்லோருக்கும் தெரிந்தது. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் செய்கோ, ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு விட்டது. விலை 4,50,000 யென். மெக்கானிக்கல் மிஷின் நொடிக்கு ஐந்து, ஆறு, எட்டு முறை அடிக்கும் இடத்தில் குவார்ட்ஸ் படிகம் ஆயிரக்கணக்கான முறை அதிரும். துல்லியத்தில் கிட்டவே நிற்க முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், சுவிஸ்காரர்களும் நூஷாத்தெல் நகரில் கூட்டாக ஆராய்ச்சி மையம் வைத்து 1967லேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரி செய்துவிட்டார்கள். அறிவு இருந்தது. அதைக் கடைக்குக் கொண்டுபோகும் வேகம் இல்லை.

இரண்டாவது இடியை அதிகம் பேர் பேசுவதில்லை: பணத்தின் மதிப்பு. 1971க்கு முன்னால் ஒரு டாலருக்கு நாலு பிராங்குக்கு மேல். 1978இல் இரண்டு பிராங்குக்கும் கீழே வந்துவிட்டது. அதே வாட்ச், அதே சம்பளம், அதே லாபம். ஆனால் அமெரிக்கக் கடையில் விலை இரண்டு மடங்கு. ஸ்பிரிங்கைக் குறை சொல்லி என்ன பண்றது? 'குவார்ட்ஸ் வந்தது, சுவிஸ் விழுந்தது' என்று ஒரு வரியில் முடிப்பது பாதிக் கதைதான்.

1970இல் சுவிஸ் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் 30,000 சொச்சம். மூணில் ரெண்டு பேருக்கு வேலை போச்சு. ஊருக்கு ஒரே தொழில் என்று இருந்த பள்ளத்தாக்குகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று ஜவுளி ஆலைகள் மூடினதைப் பார்த்த நமக்கு விளக்கத் தேவையில்லை.

சொன்ன பேச்சைக் கேட்காத ஆள்

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாலே த ஜூ பள்ளத்தாக்கில் இருந்த வால்ஜூ, க்ரோனோகிராஃப் மிஷினுக்குப் பேர்போன கம்பெனி (ஸ்டாப் வாட்சும் சேர்ந்த வாட்சைத்தான் க்ரோனோகிராஃப் என்பார்கள்). 1970இல் எட்மோன் காப்ட் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த வேலை: ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப் ஒன்று வேணும், தேதியும் கிழமையும் காட்டணும், நம்பகமா இருக்கணும், சீக்கிரம் வேணும். வடிவமைப்புக்குக் கம்ப்யூட்டரையும் பயன்படுத்தினார், அந்தக் காலத்தில் அது புதுசு. பழைய க்ரோனோகிராஃப்களில் இருக்கும் அழகான தூண் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, தகட்டில் அடித்தெடுக்கக்கூடிய கேம் வைத்தார். பார்க்க லட்சணம் கம்மி. செய்யச் சுலபம், ரிப்பேரும் சுலபம். அப்படிப் பிறந்தது 7750.

பிறந்த நேரம் சரியில்லை. 1970களின் நடுவில், 'இனிமேல் மெக்கானிக்கலுக்கு எதிர்காலம் இல்லை, தயாரிப்பை நிறுத்து, கருவிகளையும் அழித்துவிடு' என்று மேலிடத்து உத்தரவு. காப்டும் அங்கிருந்தவர்களும் உற்பத்தியை நிறுத்தினார்கள், கருவிகளை அழிக்கவில்லை. பத்திரமாக எடுத்து வைத்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் லெ லோக்ல் ஊரில் ஜெனித் கம்பெனியின் சார்ல்ஸ் வெர்மோவும் இதே வேலையைத்தான் செய்தார். எல் ப்ரிமெரோ என்ற க்ரோனோகிராஃப் மிஷினின் கருவிகளையும் குறிப்புகளையும் பரணில் ஒளித்து வைத்தார். இரண்டு பேருக்கும் அதனால் வேலை போயிருக்கலாம்.

1980களில் க்ரோனோகிராஃபுக்கு மறுபடி கேட்பு வந்தபோது அந்தக் கருவிகள் வெளியே வந்தன. உலகத்தில் அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப் மிஷின்களில் 7750 ஒன்றாகிப்போச்சு. கையில் கட்டி வேகமாக உதறினால், எடை ஒரு பக்கம் சுத்தும்போது விசையில்லாமல் விர்ரென்று ஓடி வாட்சே கையில் ஆடும். ஒரு திசையில் சுத்தினால் மட்டுமே சாவி ஏறும் வடிவமைப்பு என்பதால் அந்த ஆட்டம். கட்டினவங்களுக்குத் தெரியும்.

பிளாஸ்டிக் காப்பாத்தினது

இதே நெருக்கடியில், 1970களின் கடைசியிலிருந்து 1980களின் நடுவுக்குள், எபோஷ் எஸ்.ஏ.வின் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஈட்டா என்ற ஒரே பெயருக்குள் இணைக்கப்பட்டன. ஏ.எஸ்., ஃபோன்டென்மெலோன், வால்ஜூ, பெசோ, யூனிடாஸ் எல்லாம் உள்ளே. 1896இல் தனியாகப் போன தம்பியின் கம்பெனி, கடைசியில் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தது.

அப்போது ஈட்டாவை நடத்தியவர் எர்ன்ஸ்ட் தோம்கே. ஜப்பான்காரர்கள் மெல்லிசான குவார்ட்ஸ் வாட்ச் என்று ஒவ்வொரு வருஷமும் சாதனை காட்டிக்கொண்டிருந்தார்கள். ஈட்டா 1979இல் டெலிரியம் என்ற வாட்சுக்கான மிஷினைச் செய்தது. மொத்த வாட்சின் தடிமனே 2 மில்லிமீட்டருக்குள். எப்படி? அடித்தட்டு என்ற பாகத்தையே எடுத்துவிட்டு, வாட்சின் பின்மூடியையே அடித்தட்டாக வைத்து அதன்மேல் பாகங்களைப் பூட்டினார்கள்.

பணக்காரர்களுக்குச் செய்த இந்தத் தந்திரத்தை ஏழைகளுக்குத் திருப்பியதுதான் அடுத்த கட்டம். எல்மார் மோக், ஜாக் முல்லர் என்ற இரண்டு ஈட்டா எஞ்சினியர்கள் அதே யோசனையைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 51 பாகம் மட்டும். கூடே அடித்தட்டு. கண்ணாடியை ஒட்டி மூடிவிட்டால் திறக்கவே முடியாது, ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. 1983 மார்ச் 1ஆம் தேதி ஜூரிச்சில் வெளியிட்டார்கள். பெயர் ஸ்வாட்ச். பள்ளிக்கூடப் பையன்கூட வாங்கக்கூடிய சுவிஸ் வாட்ச்.

அதே 1983இல் வங்கிகள் நெருக்க, ஆலோசகராக வந்த நிக்கோலஸ் ஹயெக் சொன்னபடி, அசுவாக்கும் ஒமேகா, டிஸ்ஸாட் கூட்டணியான எஸ்.எஸ்.ஐ.ஹெச்.சும் இணைந்தன. 1985இல் ஹயெக் முதலீட்டாளர்களைச் சேர்த்து அதில் பெரும்பங்கை வாங்கினார். 1998இல் அதற்கே ஸ்வாட்ச் குரூப் என்று பெயர் மாறியது. ஈட்டா அதன் உள்ளே. இந்தக் கலாட்டாவில் தாய் வீடான எடர்னாவை மட்டும் 1984இல் வெளியே விற்றுவிட்டார்கள். 2011இல் அது ஒரு சீனக் கம்பெனியின் கைக்குப் போனது. பெத்த தாய், பிள்ளையிடமே காசு கொடுத்து மிஷின் வாங்கும் நிலை வந்தது!

2824: எல்லாருடைய மிஷின்

பிளாஸ்டிக் வாட்சில் பிழைத்த ஈட்டா, மெக்கானிக்கலை விடவில்லை. 1982இல் வந்த 2824-2 என்ற ஆட்டோமேட்டிக் மிஷினைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 25.6 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. தடிமன், 25 கல், மணிக்கு 28,800 அடி, அதாவது நொடிக்கு எட்டு. முழுசா சாவி ஏறினால் சுமார் 38 மணி நேரம் ஓடும். பிரமாதமான அழகெல்லாம் கிடையாது. ஆனால் உழைப்பாளி. உலகத்தில் எந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் கையிலும் பழகின மிஷின்.

இதையே நாலு தரத்தில் விற்றார்கள். சாதாரண தரத்துக்கும் உச்சபட்ச க்ரோனோமீட்டர் தரத்துக்கும் வடிவமைப்பு ஒன்றுதான். ஹேர் ஸ்பிரிங்கின் உலோகம், அதிர்ச்சி தாங்கும் பாகம், எத்தனை நிலைகளில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதனால் 'உள்ளே 2824தானே' என்று ஒரு வாட்சை மட்டம் தட்டுவது சரியில்லை. எந்தத் தரம் என்று கேட்கணும்.

யார் யார் வாங்கினார்கள்? டியூடர் 2012இல் கொண்டுவந்த பிளாக் பே வாட்சில் 2824. ஒமேகாவின் 1120 என்பது 2824இன் மெல்லிசான சகோதரன் 2892. ப்ரைட்லிங்கின் 13 என்ற எண் கொண்ட மிஷின் நம்ம 7750தான். ஐ.டபிள்யூ.சி.யும் 7750ஐ எடுத்துச் சீவிச் சிங்காரித்துப் பயன்படுத்தியது. பெயரும் எண்ணும் மாறும், அடிப்படை ஒன்று.

விற்கமாட்டேன் என்றால்?

2002இல் ஸ்வாட்ச் குரூப் ஒரு குண்டு போட்டது. 2006 முதல் வெளியாட்களுக்கு எபோஷ் விற்கமாட்டோம், வேணும்னா முழு மிஷினாக வாங்கிக்கோங்க என்றது. ஹயெக்கின் வாதம் நியாயமாகவே தெரியும்: இயந்திரத்திலும் ஆட்களிலும் நாங்கள் பணம் போடுகிறோம், மத்தவங்க எங்க மிஷினைச் சல்லிசா வாங்கி, மிச்சப் பணத்தை விளம்பரத்தில் கொட்டி, எங்களையே கடையில் தோற்கடிக்கிறாங்க.

அந்தப் பக்கத்து நியாயமும் இருக்கு. முகத்தில் 'சுவிஸ் மேட்' என்று போடணும்னா சட்டப்படி உள்ளே சுவிஸ் மிஷின் வேணும். ஜப்பானிலிருந்து வாங்கிப் போட முடியாது. சுவிஸ் மிஷினை வேண்டிய அளவுக்குச் செய்கிற இடமோ ஈட்டாதான். ஹேர் ஸ்பிரிங்குக்கும் நிவாரோக்ஸ் என்ற கம்பெனியிடம்தான் போகணும், அதுவும் ஸ்வாட்ச் குரூப்பில். அதைவிட முக்கியமான ஒன்று: ஈட்டா இந்த இடத்துக்கு வந்தது தன் திறமையால் மட்டும் இல்லை. மத்தவங்க புதுசா ஃபாக்டரி போடக்கூடாதுன்னு சட்டம் போட்டு, அரசாங்கப் பணமும் போட்டு, கட்டிக் கொடுத்த இடம் அது. பொதுச் சொத்தில் வெட்டின கிணறு மாதிரி. பின்னாடி தனியார் வாங்கிட்டு, 'என் கிணறு, தண்ணி தரமாட்டேன்' என்றால்?

சுவிஸ் போட்டி ஆணையம் உள்ளே புகுந்தது. 2004இல் ஒரு உடன்பாடு: 2008 வரை பழைய அளவிலேயே எபோஷ் கொடுக்கணும், பிறகு குறைத்துக்கொண்டே போய் 2010 முடிவில் நிறுத்தலாம். அடுத்து முழு மிஷின்களையும் குறைக்கணும் என்றார்கள். அதற்கு 2013இல் இன்னொரு உடன்பாடு: 2009 முதல் 2011 வரையிலான சராசரியில் 75 சதவீதம், பிறகு 65, பிறகு 55 என்று இறங்கி 2019 முடிவில் கட்டாயம் தீரும்.

இதற்கிடையில் செலிட்டா என்ற கம்பெனி விழித்துக்கொண்டது. 1950இல் லா ஷோ-த-ஃபோனில் தொடங்கிய இது, ஈட்டாவிடம் எபோஷ் வாங்கி முடித்துக் கொடுப்பதையே பெரிய தொழிலாக வைத்திருந்தது. எபோஷ் நின்றால் கடையை மூட வேண்டியதுதான். 2824இன் காப்புரிமைகள் எப்பவோ காலாவதி. அதனால் அதே வடிவமைப்பில், ஒரு கல் மட்டும் கூட்டி, எஸ்.டபிள்யூ.200 என்று சொந்தமாகவே செய்ய ஆரம்பித்துவிட்டது. 7750க்கு இணையாக எஸ்.டபிள்யூ.500. சீனாவின் சீகலும் 2824ஐ நகலெடுத்தது. விற்கமாட்டேன் என்று சொன்னதால்தான் ஈட்டாவுக்கு உண்மையான போட்டியாளரே பிறந்தார்.

கிளைமாக்ஸ்தான் சூப்பர். 2019 டிசம்பர். கட்டாயம் தீரப்போகிறது. இப்போ ஈட்டாவே மறுபடி தாராளமாக விற்கத் தயார். ஆணையமோ, விசாரணை முடியும் வரை பெரிய வாடிக்கையாளர்களுக்கு விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது! சிறு கம்பெனிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. பெரியவன் திரும்பி வந்தால் புதுசா முளைத்த போட்டி செத்துடுமே என்ற பயம். பதினஞ்சு வருஷம் 'வித்தே ஆகணும்' என்ற அதே ஆபீஸ், 'விக்காதே' என்றது. 2020 ஜூலையில்தான், எந்தக் கட்டுப்பாடும் இல்லை, யாருக்கு வேணும்னாலும் விற்கலாம், விற்காமலும் இருக்கலாம் என்று முடித்தார்கள்.

என் கருத்து

இப்போதெல்லாம் வாட்ச் ரசிகர்களிடம் 'சொந்த மிஷினா?' என்று ஒரு கேள்வி. ஈட்டா என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த அளவுகோலை நேர்மையாக வைத்தால், சிட்டிசன் கூட்டில் 1961இல் தொடங்கி பெங்களூரில் மிஷினையும் தானே செய்த நம்ம எச்.எம்.டி.யின் ஜனதா, விலையுயர்ந்த பல சுவிஸ் வாட்சுகளுக்கு மேலே நிற்கும். யாராவது அப்படி நிறுத்துகிறார்களா? இல்லை. (எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இல் முடிவெடுத்தார்கள். அது தனிப் பதிவுக்கான சோகம்.)

பொதுவான மிஷின் என்பது கேவலம் இல்லை. லட்சக்கணக்கில் செய்ததால்தான் விலை குறைந்தது, பாகம் கிடைத்தது, தெருமுனை ரிப்பேர்க்காரருக்கும் கை பழகியது. ஒரே கம்பெனிக்கு மட்டும் தெரிந்த மிஷின், அந்தக் கம்பெனி இழுத்து மூடிவிட்டால் அனாதை. வால்ஜூவில் அந்தக் கருவிகள் அழிந்திருந்தால் எத்தனை கம்பெனிகளின் க்ரோனோகிராஃப் வந்தே இருக்காது என்று யோசியுங்கள். ஆனால் எல்லோரும் ஒரே கிணற்றை நம்பியிருந்தால் கயிறு யார் கையில் என்ற கேள்வியும் வரும். செலிட்டா வந்தது அந்த வகையில் நல்லதே.

உங்களிடம் சுவிஸ் மெக்கானிக்கல் வாட்ச் இருந்து, பின்பக்கம் கண்ணாடி மூடி இருந்தால், பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் உற்றுப் பாருங்கள். அடித்தட்டில் ஒரு எண்ணும் குட்டி முத்திரையும் பொறித்திருக்கும். அதுதான் நிஜமான கையெழுத்து. மூடி இரும்பாக இருந்தால் கத்தியை விட்டு நெம்பாதீங்க, ரிப்பேர் கடையில் கொடுத்துப் பாருங்க. என்ன எண் இருந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. 2824 என்றோ 7750 என்றோ வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைதான்.